பெயர் கேட்காத கதவு

காலை மணி அடித்ததும் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் பெயராக அழைப்பது என் தொழில். "உள்ளேன் ஐயா!" என்று குரல் எழும், பெயருக்கு நேரே ஒரு கோடு விழும். தன் பெயர் அழைக்கப்படுவதிலே பெருமை கொள்ளும் பிள்ளைகளையே பார்த்துப் பழகியவன் நான். பெயரைக் கேட்ட மாத்திரத்திலே நா வறண்டு, கால் பின்வாங்கும் இடமும் இந்நாட்டில் உண்டு என்பதை எனக்குக் கற்பித்தவன், நான் பணியேற்ற முதலாண்டில் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன்.

படிப்பு முடிந்து ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவன். விடுமுறைக்குப் பர்கூர் வந்தபோது என்னைத் தேடி வந்தான். துணிக்கடைத் தெருவைத் தாண்டி, நெடுஞ்சாலையோரம் நெடுநேரம் நடந்தோம். லாரிகள் எங்களைக் கடந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் விரைந்துகொண்டிருந்தன. பலவற்றைப் பேசிய பின், பேச வந்ததைப் பேசினான். எச்.ஐ.வி. இருக்குமோ என்று அவனுக்கு ஐயம். குருதியைச் சோதித்துவிட்டான். எங்கே? நம் மாவட்டத்தில் அன்று. பேருந்தேறி, மாநில எல்லையைக் கடந்து, பெங்களூரிலே!

"ஏனப்பா, இங்கேயே அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்க்கிறார்களே?" என்றேன்.

"அங்கே பேர் எழுதறவங்க நம்ம ஊர்க்காரங்க சார். வாசல்ல டீக்கடை வச்சிருக்கறவர் எங்க மாமா."

"பெங்களூரில் பெயர் கேட்கவில்லையா?"

"கேட்டாங்க. நீங்க அட்டெண்டன்ஸ்ல எனக்கு முன்னாடி கூப்பிடுவீங்களே, அவன் பேரைச் சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே அது மறைந்தது. தன் உடலைப் பற்றிய உண்மையை அறிவதற்கு ஓர் இளைஞன் தன் பெயரைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. இது அவனுடைய கோழைத்தனமா, நம்முடைய குற்றமா? இவ்வினாவே என்னை நூலகத்திற்கு அனுப்பிற்று. அங்கே நான் கண்ட வரலாறு, இருநூறு ஆண்டு நீளமுடையது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நோயைச் சோதிக்கும் கதவுகள் மூவகை. முதலாவது கட்டாயக் கதவு: உள்ளே இழுத்துவரப்படுவர், பெயர் எழுதப்படும், ஊரறியும். இரண்டாவது மறைகாப்புக் கதவு: விரும்பி வருவர், பெயர் எழுதப்படும், ஆனால் வெளியே சொல்லமாட்டோம் என்று உறுதி தரப்படும். மூன்றாவது பெயர் கேட்காத கதவு: வருபவருக்கு எண் ஒன்று தரப்படும், அவ்வெண்ணைக் காட்டினால் முடிவு சொல்லப்படும், அவ்வளவே. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் வேறுபாடு சிறிது என்று எண்ணுவோர் உளர். சிறிதன்று! இரண்டாவது கதவிலே, பதிவேடு எழுதுபவரை நாம் நம்ப வேண்டும். அவருடைய மேலாளரை நம்ப வேண்டும். பத்தாண்டு கழித்து அந்தப் பதிவேட்டை எடுத்துப் புரட்டப் போகும், இன்னும் யாரென்றே தெரியாத ஒருவரையும் நம்ப வேண்டும். மூன்றாவதிலே எவரையும் நம்பவேண்டிய தேவையில்லை. எழுதப்படாத பெயரை எவராலும் படிக்கவியலாது.

இம்மூன்று கதவுகளில் முதலாவதைத்தான் ஆட்சிகள் முதலிலே திறந்தன. சென்னை மாகாணத்தில், 1805-ஆம் ஆண்டிலேயே, ஆங்கிலப் படைகள் தங்கிய இடங்களில் 'லாக் ஆஸ்பத்திரி'கள் தோன்றின. படைவீரர்க்கு மேகநோய் வராமற் காக்க, அவர்கள் நாடிய பெண்களைப் பிடித்து வந்து, சோதித்து, நோய் தீரும்வரை அடைத்து வைத்த இடங்கள் அவை. 1868-இல் இதற்கென இந்தியத் தொற்றுநோய்ச் சட்டமே வந்தது. உடலை விற்றுப் பிழைக்கும் பெண் தன் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும், குறித்த நாளில் வந்து சோதனைக்கு உடன்பட வேண்டும், தவறினால் தண்டனை! அவளிடம் வந்த ஆணுக்கோ பதிவுமில்லை, சோதனையுமில்லை. நோய் இருவருக்கும் பொது. பெயர்ப்பட்டியல் மட்டும் ஒருத்திக்கு!

விளைவு என்ன? கல்கத்தாவிலே பெண்கள் சட்டத்தின் எல்லையைத் தாண்டி ஓடினர். பட்டியலில் இருந்தவர்களைவிடப் பட்டியலுக்கு அஞ்சி ஒளிந்தவர்கள் மிகுந்தனர். இங்கிலாந்தில் இதே போன்ற சட்டங்களை எதிர்த்து ஜோசபின் பட்லர் என்னும் பெண்மணி ஏறத்தாழ இருபதாண்டு போராடினார். 1886-இல் அங்கே அச்சட்டங்கள் நீங்கின. 1888-இல் இங்கும் நீங்கின. பின்னர் 1916-இல், அதே இங்கிலாந்து, ஓர் அரச ஆணைக்குழுவின் அறிக்கைக்குப் பிறகு, மேகநோய்க்கு இலவசமாகவும் மறைகாப்புடனும் மருத்துவம் தரும் நிலையங்களை ஊர்தோறும் நிறுவ விதி செய்தது. விரட்டிப் பிடித்து வெல்ல முடியாத நோயை, அழைத்து ஆதரித்தால் அடக்கலாம் என்று உணர்ந்துகொள்ள அவர்களுக்கு ஐம்பதாண்டு ஆயிற்று.

அந்தப் பாடத்தை நாம் கற்றோமா? 1986-ஆம் ஆண்டுச் சென்னைக்கு வருவோம்.

எய்ட்ஸ் என்னும் நோய்நிலை 1981-இல் அமெரிக்காவில் முதன்முதலாக எழுத்தில் பதிவாயிற்று. அதற்குக் காரணமான நுண்ணுயிர் 1983-இல் கண்டறியப்பட்டது. 1985-இல் குருதியிலே அதைக் காணும் சோதனை வந்தது. இந்தியாவிலே இது இருக்க முடியாது, நம் பண்பாடு நம்மைக் காக்கும் என்று பேசியோர் பலர். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராயிருந்த சுனிதி சாலமன் அவ்வாறு எண்ணவில்லை. தம் மாணவியான செல்லப்பன் நிர்மலாவிடம், பட்ட ஆய்வுக்கு இதையே எடுத்துக்கொள் என்றார். நிர்மலாவுக்கு அப்போது வயது 32. சிற்றூரிலே பழைய ஒழுக்கங்களோடு வளர்ந்தவர். இரு குழந்தைகளின் தாய். அவர் தயங்கினார். கணவர் இராமமூர்த்தி ஊக்கமூட்டித் தம் வண்டியிலே ஏற்றிக்கொண்டு போனார்.

எங்கே போனார்கள்? குருதி எடுக்க எளிதான இடம் எது? ஓடிப்போக முடியாதவர்கள் இருக்குமிடம்! பாலியல் தொழிலின் பேரில் பிடிபட்ட பெண்களை அரசு அடைத்து வைத்திருந்த காப்பில்லம். அங்கே மூன்று மாதங்களில் எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகளை நிர்மலா திரட்டினார். கையுறை இல்லை, பாதுகாப்புக் கருவி இல்லை. குருதியிலிருந்து பிரித்தெடுத்த நிணநீரை வீட்டுக் குளிர்ப்பெட்டியிலே வைத்துக் காத்தார். சென்னையில் சோதனை வசதி இல்லாமையால், 1986 பிப்ரவரியிலே, பனிக்கட்டியிட்ட பெட்டியில் மாதிரிகளை வைத்துக்கொண்டு, கணவரும் மனைவியும் இரவு இரயிலேறிக் காட்பாடிக்குச் சென்றனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜான் தம் ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிட்டார். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. மறுமுறை குருதி எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதி செய்துகொண்ட பின், அவ்வாண்டு மே மாதத்தில், அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்திலே அதனை அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. உண்டு என்பது அன்றுதான் நாட்டுக்குத் தெரிந்தது.

அந்த மருத்துவ மாதரின் துணிவை எவ்வளவு போற்றினும் தகும். குளிர்ப்பெட்டியும் இரயிலும் கொண்டே ஒரு நாட்டின் கண்ணைத் திறந்தார்கள். ஆனால், வரலாறு எழுதுபவன் இன்னொன்றையும் சொல்லாமற் போகலாகாது. தம் குருதி எதற்காக எடுக்கப்படுகிறது என்பது அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. இதை நிர்மலாவே பிற்காலத்தில் ஒளிக்காமல் கூறியிருக்கிறார். அன்றைய வழக்கம் அது. சட்டமும் அதைத் தடுக்கவில்லை. நாடு அறிந்துகொண்டது, குருதி தந்தவர்களோ அறியாதே இருந்தார்கள்.

பின் நடந்தவை கசப்பானவை. எச்.ஐ.வி. இருந்தது என்ற ஒரே காரணத்திற்காக, காலம் முடிந்த பின்னும் காப்பில்லத்திலேயே பெண்கள் நிறுத்தி வைக்கப்பட்டனர். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார்; 1990-இல் அவர்களை விடுவிக்குமாறு ஆணை பிறந்தது. சோதனையே சிறையின் சாவியாயிருந்த காலம் அது. அக்காலத்தில் எந்தப் பெண் தானாக முன்வந்து கையை நீட்டியிருப்பாள்?

கோவாவின் கதை இன்னும் வெளிப்படையானது. டோமினிக் டிசூசா என்னும் இளைஞர், தவறாமல் குருதிக்கொடை தந்து வந்தவர். நற்செயலுக்கு அவருக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? கொடுத்த குருதியில் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட, 1989 பிப்ரவரியிலே காவலர் வந்து அழைத்துச் சென்றனர். செய்தி இன்னதென்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. மருத்துவமனைப் பதிவேட்டிலே தன் பெயரையும் அதற்கு எதிரே எழுதியிருந்ததையும் பார்த்தே அவர் அறிந்துகொண்டார். பழைய காசநோய் மருத்துவமனைக் கட்டடத்திலே, காவலோடு, 64 நாள் தனிமை! கோவாவின் பொதுச் சுகாதாரச் சட்டம் அதற்கு இடம் தந்தது. தாய் லூசி டிசூசா வழக்காடினார். அவ்வாண்டு இறுதியில் பம்பாய் உயர்நீதிமன்றம், அச்சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. டோமினிக் வேலையையும் இழந்தார். எனினும் ஓயவில்லை. தம்மைப் போன்றவர்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கிவிட்டு, 1992 மே திங்களில் மறைந்தார். அவரைப் போன்று எத்தனை பேர் அதன் பின் குருதி கொடுக்கவே அஞ்சியிருப்பர் என்பதைக் கணக்கிட எந்த அரசும் முனையவில்லை.

கோவா வழி நாடெங்கும் பரவியிருக்கும். 1989-இல் நாடாளுமன்ற மேலவையிலே எய்ட்ஸ் தடுப்பு மசோதா ஒன்று வைக்கப்பட்டது. கட்டாயச் சோதனைக்கும் அடைத்து வைத்தலுக்கும் அது வழி செய்தது. எதிர்ப்பு எழுந்தது, 1992-இல் அதைத் திரும்பப் பெற்றனர். நூறாண்டுக்கு முன் நீக்கப்பட்ட லாக் ஆஸ்பத்திரி, வேறு பெயரில் மீண்டும் உள்ளே வரப் பார்த்துத் திரும்பிப் போயிற்று எனலாம்.

இதே ஆண்டுகளில் கடல் கடந்த நாடுகளில் என்ன நடந்தது? அமெரிக்காவில் மாநிலங்கள்தாம் இதற்குச் சட்டம் செய்தன. ஆகவே அங்கே ஒரே கேள்விக்குப் பல விடைகளை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. 1985-இல் கலிபோர்னியா, பெயர் சொல்லாமல் சோதித்துக்கொள்ளும் நிலையங்களைச் சட்டத்தின் வழியே அமைத்தது. அதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு: சோதனை இலவசமாகக் கிடைக்கும் என்பதற்காகவே ஐயமுற்றோர் குருதி வங்கிக்கு வந்து கொடை தரத் தொடங்கினால், நோய் பிறருக்குப் பரவுமன்றோ! அதே ஆண்டில் கொலராடோ எதிர்வழியில் சென்று, தொற்றுள்ளோரின் பெயரை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. ஓரிகன் மாநிலத்திலே, மறைகாப்புச் சோதனை மட்டும் இருந்த இடத்தில், பெயரிலாச் சோதனையையும் தேர்ந்தெடுக்கலாம் என்றபோது, சோதனைக்கு வந்தோர் தொகை ஏறத்தாழ ஒன்றரை மடங்காயிற்று என்று 1988-இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கும் மிகுந்து வந்தவர்கள் யார்? ஊர் தூற்றும் என்று அஞ்சியவர்களே. ஒருபாற் காதலராகிய ஆடவர் எண்ணிக்கை மற்றவரைவிடப் பன்மடங்கு உயர்ந்தது. கனடாவின் ஒண்டாரியோ மாநிலம் 1992-இல் இக்கதவைத் தன் சட்டத்தால் திறந்தது.

மூடியவர்களும் உண்டு. வட கரோலினா மாநிலம், முதலில் பெரும்பாலான மாவட்டங்களிலும், வழக்கெல்லாம் முடிந்தபின் 1997-இல் எல்லாவற்றிலும், பெயரிலாச் சோதனையை நிறுத்திற்று. இடைக்காலத்தில் அக்கதவைத் திறந்து வைத்திருந்த மாவட்டங்களிலே சோதனை வேகமாகவும், மூடிய மாவட்டங்களிலே மெதுவாகவும் வளர்ந்ததை ஆய்வாளர் கண்டனர். அது மூடியவர்களை மாற்றவில்லை. அவர்கள் சொன்ன காரணத்தையும் நேர்மையாகக் கூற வேண்டும்: 1996-க்குப் பின் நல்ல மருந்துகள் வந்துவிட்டன, பெயர் தெரிந்தால்தானே நோயாளியைத் தேடிப் போய் மருந்து தரலாம் என்றனர். 2008-க்குள் அமெரிக்க மாநிலங்கள் அனைத்தும், தொற்று உறுதியானோரைப் பெயரோடு கணக்கெடுக்கும் முறைக்கு வந்துவிட்டன. ஆயினும் அவற்றுள் பல, வாயிலில் பெயர் கேட்காத நிலையங்களையும் விட்டு வைத்தன. கணக்கு வேறு, கதவு வேறு என்பதை அவை உணர்ந்திருந்தன.

நம் மாநிலம் செய்ததை மறைத்துப் பேசுவது நன்றன்று. நாட்டிலேயே முதலாவதாக 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. பிற மாநிலங்கள் பின்னர் அதைப் பின்பற்றின. சுனிதி சாலமன் தம் கல்லூரியிலேயே தன்விருப்பச் சோதனைக்கும் அறிவுரைக்குமான நிலையத்தைத் தொடங்கினார். அத்தகைய நிலையங்கள் பெருகி, இன்று அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்னும் அழகிய தமிழ்ப் பெயரோடு விளங்குகின்றன. அறிவுரை இலவசம், சோதனை இலவசம். 2004 ஏப்ரல் முதல் நாள், அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்தை இலவசமாகத் தரும் திட்டம் தொடங்கியபோது, தாம்பரம் மருத்துவமனை முதல் வரிசையில் நின்றது. அம்மருந்தை ஒழுங்காக உண்பவர் நெடுங்காலம் நலமாக வாழலாம். குருதியில் நுண்ணுயிர் அளவிட முடியாதபடி அடங்கிவிட்டால், உறவின் வழியே அவர் பிறருக்குத் தருவதுமில்லை. 1986-இல் சோதனை முடிவு என்பது தீர்ப்பு. இன்று அது மருத்துவத்தின் முதற்படி. ஆகவே இன்று வாயிலில் ஒருவர் தயங்கி நிற்பதால் ஏற்படும் இழப்பு, அன்றைவிடப் பெரிது.

சட்டமும் மாறிற்று. நீண்ட காலம் வரைவாகவே கிடந்து, 2017-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், கோவாவின் வழிக்கு நேர் எதிரானது. அறிந்து தரும் ஒப்புதலின்றிச் சோதனை கூடாது என்கிறது. ஒருவர் நிலையைப் பிறரிடம் வெளியிடலாகாது என்கிறது; நீதிமன்ற நடவடிக்கையின் வழியே அறிந்ததை வெளியிடுவோருக்கு ஓர் இலட்ச ரூபாய் வரை தண்டம் என்கிறது. வேலையில், பள்ளியில், மருத்துவமனையில் வேற்றுமை காட்டலாகாது என்கிறது. முறையீட்டைக் கேட்க மாநிலந்தோறும் குறைதீர்ப்பாளர் வேண்டும் என்கிறது. படிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது.

ஆனால் ஊன்றிப் படித்தபோது, இரண்டிடங்களில் என் விரல் நின்றது.

முதலாவது, ஒப்புதல் தேவையில்லை என்னும் விலக்குகளைக் கூறும் ஆறாம் பிரிவு. 'பெயரறியாச் சோதனை' என்னும் கருத்து அங்கே வருகிறது. எதற்காக? நோய்ப்பரவலைக் கணிக்கும் ஆய்வுக்காக! ஆளின் நிலையை அறிவதற்கன்று என்று சட்டமே சொல்கிறது. கருவுற்ற தாய்மாரிடம் வேறு சோதனைக்கு எடுத்த குருதியில் மிஞ்சியதை, பெயரை நீக்கிவிட்டு எச்.ஐ.வி.க்குச் சோதித்துக் கணக்கெடுக்கும் முறை பல ஆண்டுகள் நடந்தது. நாட்டுக்குக் கணக்கு வேண்டும், மறுக்கவில்லை. ஆயினும் பாருங்கள்: பெயரில்லாமல் தெரிந்துகொள்ளும் வசதி அரசுக்கு உண்டு, பெயரில்லாமல் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமை குடிமகனுக்கு எழுதப்படவில்லை!

இரண்டாவது, 34-ஆம் பிரிவு. தொற்றுள்ளவர் ஒருவர் வழக்காட வந்தால், அவருடைய உண்மைப் பெயரை மறைத்துப் புனைபெயரிலே வழக்கை நடத்தலாம் என்று அது வழி வகுக்கிறது. மிக நல்ல ஏற்பாடு, பட்டறிந்து செய்தது. 1998-இல் உச்சநீதிமன்றம் தீர்த்த புகழ்பெற்ற வழக்கொன்றில், வழக்காடியவர் 'எக்ஸ்' என்றும் மருத்துவமனை 'இசட்' என்றும் குறிக்கப்பட்டனர். ஆனால் அதற்கு முன்பே செய்தி கசிந்து, அவர் திருமணம் நின்று, ஊரை விட்டே அவர் போக நேர்ந்திருந்தது. எல்லாம் போன பின் ஓர் எழுத்துத்தான் மிச்சம்! நீதிமன்றத்தின் வாயிலில் புனைபெயர் தரும் சட்டம், மருத்துவமனையின் வாயிலில் அதைத் தந்திருந்தால், நீதிமன்றம் வரை வர வேண்டிய தேவையே பலருக்கு இராதே!

நம்பிக்கை மையத்தில் பணிபுரிவோரைக் குறை கூறுவதன்று என் நோக்கம். குழாயில் ஒட்டப்படுவது எண்தான், பெயரன்று. ஆனால் முகப்பிலே பெயர், வயது, முகவரி, கைப்பேசி எண் எல்லாம் எழுதப்படுகின்றன. சென்னையில் எழுதினால் எண்பது இலட்சம் பேரில் ஒருவன். பர்கூரிலோ, எழுதும் கை எதிர்வீட்டுக் கையாக இருக்கும். அவர் வாய் திறவாதவராகவே இருக்கலாம். ஆனால் பார்த்துவிட்டார் என்ற எண்ணமே போதும், அடுத்தநாள் தெருவில் தலைகுனிய. வெளியிடலாகாது என்று சட்டத்தில் எழுதியிருக்கிறதே என்பீர்கள். தாய்மாமன் மேல் வழக்குப் போடும் மருமகன் எந்த ஊரில் இருக்கிறான்?

இந்த எல்லைப் பகுதியின் தன்மையையும் சொல்ல வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே சந்தையில் ஒலிக்கும் மண் இது. ஓசூரிலும் சூளகிரியிலும் பர்கூர் சிப்காட்டிலும் வேலை செய்ய, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர் ஆயிரக்கணக்கில் தங்கியிருக்கின்றனர். அவர்களிடம் 'முகவரி' என்று கேட்டால் எதைச் சொல்வார்கள்? ஒப்பந்தக்காரர் தந்த அறையையா, பிறந்த ஊரையா? ஒப்பந்தக்காரருக்குத் தெரிந்தால் வேலை போகும். ஊருக்குத் தெரிந்தால் உறவு போகும். ஆகவே கேட்பதற்கு முன்பே அவர்கள் திரும்பிவிடுகிறார்கள். லாரி ஓட்டுநரோ, இன்று கிருஷ்ணகிரி, நாளை நாக்பூர். அவர் பெயரையும் முகவரியையும் வைத்துக்கொண்டு எங்கே போய்த் தேடுவது?

பெயர் இல்லாவிட்டால் மருந்து தருவது எப்படி என்று கேட்போருக்கு விடை இதுவே: சோதனைக்குப் பெயர் வேண்டாம், மருந்துக்கு வரும்போது, அவரே விரும்பித் தருவார். தொற்று உண்டு என்று அறிந்தவனுக்கு, மருத்துவரைத் தேடக் காரணம் இருக்கிறது. அறியாதவனுக்கு என்ன இருக்கிறது? எண்ணைக் கொண்டு அறிவுரையாளர் அவனோடு பேசலாம். எண்ணைக் கொண்டே மருந்து மையத்திற்கு அனுப்பலாம். வற்புறுத்திக் கேட்டால் கிடைப்பது பெயரன்று, பொய். பெங்களூரின் ஏதோ ஒரு பதிவேட்டிலே, ஒரு பாவமும் அறியாத என் இன்னொரு மாணவனின் பெயர் இன்று எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பதிவேட்டை வைத்து யாரைத் தேடுவார்கள்? தேடினால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்?

மாநிலத்தால் இதைச் செய்ய முடியுமா? பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் இருப்பவை. இந்தியாவிலேயே முதலாவதாக ஒரு பொதுச் சுகாதாரச் சட்டத்தை 1939-இல் இயற்றியது சென்னை மாகாணம். அந்த மரபில் வந்த சட்டமன்றத்துக்கு நான்கு வரி எழுதுவது அரிதன்று. நானே எழுதிப் பார்த்தேன். சட்டம் படித்தவர்கள் திருத்தட்டும்: 'எச்.ஐ.வி. சோதனை வேண்டி அரசு மையத்திற்கு வரும் எவரும், பெயரோ முகவரியோ அடையாள அட்டையோ தராமல், எண்ணின் பேரில் சோதனையும் அறிவுரையும் பெற உரிமையுடையவர். அவ்வாறு கேட்பவரை எந்த மையமும் திருப்பி அனுப்பலாகாது. அவ்வுரிமையை மையத்தின் வாயிலில், அப்பகுதியில் வழங்கும் மொழிகளிலெல்லாம் எழுதி வைக்க வேண்டும்.' மறைகாப்புக் கதவை மூட வேண்டியதில்லை. அதன் பக்கத்திலே இன்னொரு கதவு, அவ்வளவே கேட்பது. தன் வீட்டிலேயே, தானே சோதித்துக்கொள்ளும் முறையை உலகச் சுகாதார நிறுவனம் 2016-இலேயே பரிந்துரைத்துவிட்டது. அதையும் இதனோடு சேர்த்து எண்ணலாம்.

இதற்கு நேர்மாறாக, திருமணத்துக்கு முன் கட்டாயச் சோதனை வேண்டும் என்னும் குரலும் அவ்வப்போது எழுகிறது. 2006-இல் கோவா அரசு அதை எண்ணிற்று. 2025-இல் மேகாலய அமைச்சர் ஒருவர் அதைப் பற்றிப் பேசினார். பேசுவோர் தீயவர் அல்லர். மணமகளைக் காக்கவே பேசுகின்றனர். ஆனால் கட்டாயச் சான்றிதழ் விலைக்குக் கிடைக்கும் நாட்டில், அது எந்த மணமகளைக் காக்கும்? திருமணத்துக்கு ஆறு மாதம் முன்னரே, யாருக்கும் தெரியாமல் போய்ப் பார்த்துவிட்டு வரும் வசதி அவனுக்கும் இருந்து, அவளுக்கும் இருந்தால், அதுவே அவளைக் காக்கும்.

நெடுஞ்சாலையோரம் நடந்து திரும்பும் வழியில், முடிவு என்னவென்று நான் கேட்கவில்லை. அவனே சொன்னான்: இப்போதைக்கு ஒன்றுமில்லையாம். ஆனால் தொற்று ஏற்பட்ட புதிதில் சோதனையில் தெரியாமற் போகக்கூடும். எனவே மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். கைப்பேசி எண்ணையும் அவன் மாற்றியே கொடுத்திருந்தான். நினைவூட்ட அவர்கள் அழைத்தால் மணி வேறெங்கோ அடிக்கும். பேருந்து நிலையத்தின் அருகே வந்ததும் நின்று, என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்:

"மறுபடி போறப்ப, அதே பேரைத்தான் சொல்லணுமா சார்?"